இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும்: பெட்ரோல் ஈசியு கணக்கும் டீசல் ஈசியு கணக்கும்

இரண்டாமாண்டு மெக்கானிக்கல்

எல்லோருக்கும் வணக்கம். வகுப்பில் ஆசிரியர் போகிறபோக்கில் ஒரு வரி சொன்னார்: "பெட்ரோல் வண்டியில் உங்கள் கால் காற்றைத் திறக்கிறது, டீசல் வண்டியில் உங்கள் கால் எரிபொருளைக் கேட்கிறது." அதோடு மணி அடித்துவிட்டது, விளக்கம் வரவில்லை. இரண்டு எஞ்சினிலும் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இருக்கிறது, பம்ப் இருக்கிறது, எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் இருக்கிறது. பெடலில் இருந்து போவதும் இப்போது இரண்டிலும் வெறும் ஒயர்தான். அப்புறம் எங்கே பிரிகிறது? எண்களோடு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

லாம்டா ஒன்று

ஆசிரியர் சொன்னது சரி. நான் பெட்ரோல் பக்கத்தை எழுதுகிறேன், டீசலை அதில் கை வைப்பவர்கள் வந்து எழுதட்டும்.

2 லிட்டர், 4 சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் அரை லிட்டர். த்ராட்டில் (காற்று வரும் வழியைத் திறந்து மூடும் வால்வு) முழுக்கத் திறந்திருந்தால் பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.6 கிராம் காற்று உள்ளே வரும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். வகுத்துப் பார்த்தால் 41 மில்லிகிராம் பெட்ரோல். இன்ஜெக்டர் ஒரு மில்லிசெகண்டுக்கு 3.5 மில்லிகிராம் விடுகிறது என்றால் 12 மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 20 மில்லிசெகண்ட் ஆகும், ஆக நேரம் போதும். ஐடிலில் (பெடலைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) காற்று 0.1 கிராம் அளவுக்கு இறங்கிவிடும், அப்போது 2 மில்லிசெகண்ட் திறந்தாலே போதும்.

இந்தக் கணக்கில் பெடல் எங்காவது வந்ததா? வரவில்லை. பெடல் த்ராட்டிலைத் திறக்கச் சொன்னது, அவ்வளவுதான். எவ்வளவு காற்று வந்தது என்று ஈசியு பார்க்கிறது, அதற்கேற்ற பெட்ரோலை விடுகிறது.

காற்றை அளக்க இரண்டு வழி உண்டு. சில வண்டிகளில் காற்று போகும் பாதையில் சூடான ஒரு மெல்லிய கம்பி அல்லது படலம் இருக்கும். காற்று அதைக் குளிர்விக்கும். அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துக் காற்றின் எடை தெரிந்துவிடும். மாஃப் சென்சார் என்பது இதுதான். மற்ற வண்டிகளில் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தம், காற்றின் வெப்பநிலை, ஆர்பிஎம் மூன்றையும் வைத்து, எஞ்சின் எவ்வளவு நன்றாக மூச்சு இழுக்கும் என்ற அட்டவணையோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். முதல் வழி நேரடி அளவீடு, இரண்டாவது அனுமானம். அனுமானம் என்றாலும் நன்றாகவே வேலை செய்கிறது, சென்சாரும் விலை குறைவு.

இதற்கு மேல் சின்னச் சின்னத் திருத்தங்கள் நிறைய. இன்ஜெக்டருக்குக் கரண்ட் கொடுத்த உடனே அது திறந்துவிடாது, ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் வீணாகும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் அந்த வீண் நேரம் கூடும். அதனால் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஈசியுவிடம் தனி அட்டவணை உண்டு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் தெளித்த பெட்ரோலில் ஒரு பங்கு போர்ட் (சிலிண்டருக்குள் காற்று நுழையும் வாய்) சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதற்கும் சேர்த்துத் தர வேண்டும். திடீரென்று மிதித்தாலும் அதே கதைதான்: சுவரில் படியும் பெட்ரோல் கூடும்வரை சிலிண்டருக்குள் கலவை ஒரு நொடி மெலிந்து போகும், அதை ஈடுகட்டக் கூடுதல் துடிப்பு.

பழைய கார்புரேட்டர்

இதையெல்லாம் கார்புரேட்டர் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்துகொண்டிருந்ததே, தம்பி. காற்று வென்ச்சுரி என்ற குறுகிய கழுத்து வழியாகப் போகும், அழுத்தம் இறங்கும், அந்த அளவுக்குப் பெட்ரோல் தானாக ஏறும். மிதித்தால் ஆக்சிலரேட்டர் பம்ப் ஒரு பீச்சு பீச்சும். குளிருக்குச் சோக். ஒயர் இல்லை, சென்சார் இல்லை, வழியில் நின்றால் ஒரு திருப்புளி போதும். நீங்கள் எழுதியதில் புதிதாக என்ன இருக்கிறது?

லாம்டா ஒன்று

கொள்கை அதேதான் அண்ணா, அதை மறுக்கவில்லை. ஆனால் வென்ச்சுரி காற்றின் எடையை அளப்பதில்லை. மலை ஏறினால் காற்று லேசாகிவிடும், கார்புரேட்டர் அதற்குத் தகுந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது, கலவை கெட்டியாகிப் புகை தள்ளும். மேலே இருப்பவர்கள் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) மாற்றி ஓட்டியதெல்லாம் அதனால்தான்.

கார்புரேட்டரை உண்மையில் வீட்டுக்கு அனுப்பியது மலையும் இல்லை, மைலேஜும் இல்லை. மூன்று வழி கேட்டலிஸ்ட், அதாவது புகைக்குழாயில் மூன்று நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் பெட்டி. கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்க ஆக்சிஜன் மிஞ்சியிருக்கக் கூடாது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் நடக்க வேண்டுமென்றால் கலவை 14.7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். ஒரு சதவீதம் விலகினாலே ஒரு பக்கத்துச் சுத்திகரிப்பு விழுந்துவிடும். திருப்புளி வைத்து அந்தத் துல்லியத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற முடியாது.

எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் 1967-லேயே போஷின் டி-ஜெட்ரானிக் வழியாக வோக்ஸ்வாகன் 1600-இல் வந்துவிட்டது. ஆனால் அது கணக்குப் போட்டுப் பெட்ரோலை விட்டதோடு சரி. விட்டது சரியா என்று பார்க்க வழி இல்லை. 1976-இல் வால்வோ 240-இல் லாம்டா சென்சார் (புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்ப்பது, ஆக்சிஜன் சென்சார் என்பதும் இதுதான்) வந்தபோதுதான் எரிந்து முடிந்த புகையைப் பார்த்துத் திருத்தும் வேலை தொடங்கியது. என்னைக் கேட்டால் பெரிய திருப்பம் இன்ஜெக்டர் அல்ல, அந்தச் சென்சார்தான்.

பழைய கார்புரேட்டர்

லாம்டா சென்சார் மாட்டிய கார்புரேட்டரும் இருந்தது, அதையும் எழுதுங்கள். ஒரு சொலினாய்டு டிக்டிக்கென்று அடித்துக் கலவையைக் கூட்டிக் குறைக்கும். எண்பதுகளில் பல கார்களில் வந்தது.

லாம்டா ஒன்று

இருந்தது. அது நீங்கள் சொல்வதைவிட நான் சொல்வதைத்தான் நிரூபிக்கிறது. பின்னூட்டம் வேண்டும் என்றானதும் கார்புரேட்டருக்கும் ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது.

வெண்புகை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், என் வண்டிக் கதை இதோடு சேரும் என்று நினைக்கிறேன். பெட்ரோல், போர்ட் இன்ஜெக்‌ஷன், மாஃப் சென்சார் உள்ள எஞ்சின். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, கோளாறு எண் பி0171 (கலவை மெலிவு). ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று புதிது மாட்டினார்கள். ஒரு வாரத்தில் அதே விளக்கு. இப்போது ஃபியூவல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். ஸ்கேனரில் லைவ் டேட்டா எடுத்தேன். ஐடிலில் லாங் டெர்ம் ட்ரிம் +22, ஷார்ட் டெர்ம் +5 சுற்றி ஆடுகிறது. 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் லாங் டெர்ம் +6. பம்ப் மாற்றலாமா?

லாம்டா ஒன்று

பம்பைத் தொடாதீர்கள். உங்கள் எண்களே பதில் சொல்கின்றன.

புதியவர்களுக்காக: ட்ரிம் என்பது ஈசியு தன் கணக்கின் மேல் தானே போட்டுக்கொள்ளும் திருத்தம். சாதாரண லாம்டா சென்சார் கலவை கெட்டியாக இருந்தால் 0.9 வோல்ட் பக்கம், மெலிந்திருந்தால் 0.1 வோல்ட் பக்கம் காட்டும். எவ்வளவு மெலிவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. மெலிவா கெட்டியா என்று மட்டும் சொல்லும். ஈசியு அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், வோல்டேஜ் தாண்டியதும் கொஞ்சம் குறைக்கும். நாள் முழுக்க இந்த ஆட்டம்தான். அந்தந்த நொடியின் திருத்தம் ஷார்ட் டெர்ம். அது ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் ஈசியு அந்தச் சாய்வை மனப்பாடம் செய்துகொள்ளும், அது லாங் டெர்ம். இரண்டும் சேர்ந்து 10-க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 25-ஐ நெருங்கினால் விளக்கு எரியும்.

இப்போது உங்கள் வண்டி. ஐடிலில் இரண்டும் சேர்ந்து 27, மிதித்தால் 6. மாஃப் சென்சாருக்குப் பின்னால் எங்கோ ஒரு ஓட்டை வழியாகக் காற்று கள்ளத்தனமாக நுழைகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. மிதிக்கும்போது மொத்தக் காற்று பல மடங்கு கூடிவிடும், திருட்டுக் காற்று அதில் கரைந்துவிடும். பம்ப் வலு இழந்திருந்தால் நேர்மாறாக இருக்கும்: ஐடிலில் சரியாக இருந்து, லோடு ஏற ஏற ட்ரிம் ஏறும். மாஃப் கம்பியில் அழுக்குப் படிந்திருந்தாலும் பெரும்பாலும் மிதிக்கும்போதுதான் கூடுதலாகத் தெரியும்.

மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி குழாய் (எஞ்சின் அடிப்பெட்டி வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவருவது) மூன்றையும் பாருங்கள். ஸ்மோக் டெஸ்ட் (குழாய்களுக்குள் புகை விட்டு ஓட்டை தேடுவது) செய்தால் ஐந்து நிமிஷ வேலை.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதிக அளவு தேவை. தூய எத்தனாலுக்கு 14.7 இல்லை, 9 கிராம் காற்றே போதும். 10 சதவீதக் கலப்புக்கு 14.1 அளவில் வரும். அதனால் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே சீராக 3, 4 ப்ளஸ் நின்றால் அது கோளாறு இல்லை.

ரெயில் பிரஷர்

டீசல் பக்கத்துக்கு ஆள் கேட்டீர்கள், வந்துவிட்டேன்.

டீசலில் தீப்பொறி இல்லை. அழுத்திச் சூடாக்கிய காற்றில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீச்சிய இடத்தைச் சுற்றித்தான் எரியும் என்பதால் மிச்சக் காற்று எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. ஐடிலில் காற்று எரிபொருளைப் போல 60 மடங்குக்கு மேல்கூட இருக்கும். முழு லோடில் 18 மடங்கை ஒட்டி வரும். இவ்வளவு அகலமான வீச்சில் எரிவதால் காற்றை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. எஞ்சின் எப்போதும் மூச்சு முட்ட இழுக்கட்டும், எவ்வளவு டீசல் என்பதை மட்டும் நாம் தீர்மானித்தால் போதும்.

அதனால் கணக்கு தலைகீழ். பெடல் ஒரு முறுக்குவிசையைக் கேட்கிறது. ஈசியு அதை ஒரு ஸ்ட்ரோக்குக்கு இத்தனை மில்லிகிராம் டீசல் என்று மாற்றுகிறது. அதற்குப் பிறகுதான் காற்றைப் பார்க்கிறது. எதற்கு? இவ்வளவு டீசலை எரிக்க இந்தக் காற்று போதுமா, கரும்புகை வருமா என்று பார்க்க. போதாது என்றால் கேட்டதைக் குறைத்துக் கொடுக்கும். டர்போ ஏறுவதற்கு முன் மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கிறதே, அதில் ஒரு பங்கு இந்தப் புகை வரம்பு.

இன்னொரு விஷயமும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் கொஞ்சம் திறந்திருந்தால் அந்தக் காற்றுக்கு மேல் அது வேகம் எடுக்க முடியாது. டீசலில் அந்தக் கடிவாளம் கிடையாது. லோடு இல்லாத நேரத்தில் கொஞ்சம் டீசல் அதிகமாகப் போனாலே வேகம் ஏறும், ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் பழைய இன்லைன் பம்ப் காலத்திலிருந்தே டீசலுக்குக் கவர்னர் கட்டாயம். சுற்றும் எடைகள் வெளியே விரிந்து, டீசல் அளவைத் தீர்மானிக்கும் ரேக்கைப் பின்னுக்குத் தள்ளும். இன்று அந்த வேலையைக் கிராங்க் சென்சாரைப் பார்த்து ஈசியு செய்கிறது.

இரண்டாமாண்டு மெக்கானிக்கல்

ரொம்ப நன்றி, இப்போது பிடிபடுகிறது. ஆனால் எங்கள் லேபில் இருக்கும் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசலைத் தேக்கித் தரும் பொதுக் குழாய்) டீசல் எஞ்சினில் த்ராட்டில் பாடி மாதிரி ஒன்று இருக்கிறதே?

ரெயில் பிரஷர்

இருக்கும். அது வேகத்துக்காக இல்லை. அதைக் கொஞ்சம் மூடினால் மேனிஃபோல்டில் அழுத்தம் இறங்கும், ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் பாதை) வழியாகப் புகை நன்றாக உள்ளே வரும். டிபிஎஃபில் (புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சேர்ந்த கரியை எரிக்கும்போது புகையின் சூட்டைக் கூட்டவும் பயன்படும். சாவியைத் திருப்பி அணைக்கும்போது முழுக்க மூடிவிட்டால் எஞ்சின் குலுங்காமல் நிற்கும்.

டர்போ சீல் போய் எஞ்சின் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்தால் ஈசியு இன்ஜெக்டரை நிறுத்தியும் பயன் இல்லை. எரிவது டீசலே இல்லையே. அப்போது காற்றை அடைத்தால்தான் எஞ்சின் நிற்கும்.

வெண்புகை

ஸ்மோக் டெஸ்ட் ஆயிற்று. பிசிவி குழாயின் அடிப்பக்கத்தில் வெடிப்பு, மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. குழாய் மாற்றி, பழைய ட்ரிம்மை அழித்துவிட்டு ஓட்டினேன். ஐடிலில் இப்போது +3. அந்த ஆக்சிஜன் சென்சாருக்குக் கொடுத்த பணம்தான் வயிற்றெரிச்சல். மெலிவு என்று உண்மையைச் சொன்ன சென்சாரையே கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

கியர் நாலு

நல்ல இழை. டீசலில் எனக்கு ஒரு சந்தேகம். பெட்ரோலில் லாம்டா சென்சார் கடைசியில் சரிபார்க்கிறது. டீசலில் ஈசியு 20 மில்லிகிராம் என்று முடிவு செய்தால் 20தான் போனது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ரெயில் பிரஷர்

நேரடியாகத் தெரியாது. டீசலின் மையமான சிக்கலே அதுதான், கேட்டதற்கு நன்றி.

காமன் ரெயிலில் ஈசியு உண்மையில் அளந்து கட்டுப்படுத்துவது ஒன்றைத்தான், ரெயிலின் அழுத்தத்தை. ரெயில் சென்சார் என்ன காட்டுகிறது, தனக்கு என்ன வேண்டும் என்று ஒப்பிட்டு, பம்புக்குள் போகும் டீசலை மீட்டரிங் வால்வால் கூட்டும், குறைக்கும். ஐடிலில் 300 பார் பக்கம், முழு லோடில் வண்டியைப் பொறுத்து 1600, 2000, சிலவற்றில் 2500. ஐரோப்பியக் கார்களில் 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-ஓடு இது வந்தபோது உச்சம் 1350 பார். அழுத்தம் தெரிந்தால், இத்தனை மைக்ரோசெகண்ட் திறந்தால் இத்தனை மில்லிகிராம் என்று அட்டவணை சொல்லும். அட்டவணையை நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

இன்ஜெக்டரோ அவ்வளவு எளிய பொருள் இல்லை. 2000 பாரை எதிர்த்து ஊசியை நேரடியாகத் தூக்க இன்ஜெக்டருக்குள் இருக்கும் சின்ன மின்காந்தக் காயிலுக்குத் தெம்பு கிடையாது. அதனால் ஊசியின் தலைக்கு மேலும் அதே அழுத்தத்தில் டீசல் நிற்கும். காயில் செய்வது அந்த மேல் அறையில் இருந்து ஒரு நூலிழை அளவு கசிவைத் திறப்பது மட்டுமே. மேலே அழுத்தம் விழும், கீழே இருக்கும் அழுத்தம் ஊசியைத் தூக்கும். கசிந்த டீசல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பும்.

தேய்ந்த இன்ஜெக்டரில் இந்தக் கசிவு கூடும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் பிடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். ஒன்று மட்டும் அதிகம் நிறைந்தால் அதுதான் குற்றவாளி. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றாலும் முதலில் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் 200 பார் சுற்றி வரும்வரை ஈசியு இன்ஜெக்டருக்குக் கட்டளையே கொடுக்காது.

சரி, அட்டவணையை மட்டும் நம்பினால் எப்படி? மெயின் இன்ஜெக்‌ஷனுக்கு முன்னால் சத்தம் குறைக்க ஒரு பைலட் துளி விடுவார்கள், வெறும் 1 அல்லது 2 மில்லிகிராம். அதில் அரை மில்லிகிராம் பிசகினாலே எஞ்சின் தட்டும். அதனால் சுற்று வழிகள் வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சோதித்து, அதன் குணத்தை ஒரு குறியீட்டு எண்ணாக அதன் உடம்பில் பொறித்துவிடுவார்கள். மாற்றும்போது அதை ஈசியுவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டுவிட்டு "புது இன்ஜெக்டர் போட்டும் சத்தம் போகவில்லை" என்று வருகிறவர்கள் ஏராளம். அப்புறம், ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் எவ்வளவு வேகம் எடுக்கிறது என்று பார்த்து, சோம்பலான சிலிண்டருக்குக் கொஞ்சம் கூட்டும். காலை எடுத்துவிட்டு வண்டி உருளும் நேரத்தில் ஒரே ஒரு சிலிண்டருக்கு மிகச் சின்னத் துளி விட்டு, கிராங்க் அசைகிறதா என்று பார்த்து, எத்தனை மைக்ரோசெகண்டில் இன்ஜெக்டர் உண்மையில் திறக்கத் தொடங்குகிறது என்று கற்றுக்கொள்ளும் ஈசியுக்களும் உண்டு. மிக நேர்த்தியான யோசனை, யார் முதலில் நினைத்தார்களோ!

கியர் நாலு

அப்படியென்றால் டீசலுக்கு விற்கிறார்களே ட்யூனிங் பாக்ஸ், அது இந்த ஓட்டையில்தான் நுழைகிறதா? என் நண்பன் மாட்டியிருக்கிறான், பிக்கப் உண்மையாகவே கூடியிருக்கிறது. பெட்ரோலுக்கும் அப்படி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

ரெயில் பிரஷர்

அதே ஓட்டைதான். மலிவான பாக்ஸ்கள் ரெயில் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். ஈசியு பதறிப்போய் அழுத்தத்தைக் கூட்டும். திறக்கும் நேரம் அதேதான், ஆனால் அழுத்தம் கூடியதால் டீசல் அதிகம் போகும். பிக்கப் கூடுவது பொய் இல்லை.

ஆனால் ஈசியு தான் கொடுத்ததாக நினைக்கும் மில்லிகிராம் இனி பொய். புகை வரம்பு, டர்போ சூட்டுக் கணக்கு, டிபிஎஃபில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கும் என்ற மதிப்பீடு, ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸுக்கு அனுப்பும் முறுக்குவிசைத் தகவல் எல்லாமே அந்த எண்ணில் இருந்து பிறப்பவை. பம்பும் ரெயிலும் தங்கள் உச்சத்துக்கு அருகில் வேலை செய்யும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் மாட்ட மாட்டேன். சக்தி வேண்டுமென்றால் ஈசியுவின் அட்டவணையையே முறையாக மாற்றத் தெரிந்தவரிடம் போங்கள். அதில் குறைந்தபட்சம் ஈசியுவுக்கு உண்மை தெரியும்.

லாம்டா ஒன்று

பெட்ரோலுக்கு வாங்காதீர்கள், காசு வீண். காற்று வெப்பநிலைச் சென்சாரில் ஒரு ரெசிஸ்டர் மாட்டி "காற்று ரொம்பக் குளிர்ந்திருக்கிறது, அடர்த்தி அதிகம்" என்று ஏமாற்றும் சரக்குதான் அதிகம். ஈசியு நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். கொஞ்ச நேரத்தில் லாம்டா சென்சார் கெட்டி என்று சொல்லும், ட்ரிம் மைனஸில் போய்ப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும். முழுதாக மிதிக்கும்போது பழைய ரக ஈசியுக்கள் லாம்டாவைக் கேட்பதில்லை, அந்த நேரத்தில் கொஞ்சம் ஏமாறலாம். அங்கேயும் கற்ற ட்ரிம் பெரும்பாலும் கூடவே வரும். வைட்பேண்ட் சென்சார் (எவ்வளவு மெலிவு, எவ்வளவு கெட்டி என்றும் சொல்லும் லாம்டா சென்சார்) இருந்தால் அதுவும் நடக்காது. எப்படியும் அந்தக் கூடுதல் பெட்ரோலால் சக்தி வராது, எரிக்கக் காற்று எங்கே?

இரண்டாமாண்டு மெக்கானிக்கல்

கடைசியாக ஒன்று. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டருக்குள்ளேயே பீச்சுகிறார்கள், ரெயிலும் உயர் அழுத்தப் பம்பும் இருக்கின்றன. அது டீசல் கணக்கா, பெட்ரோல் கணக்கா?

லாம்டா ஒன்று

உடம்பு டீசல் மாதிரி, கணக்கு பெட்ரோல். கேம் தள்ளும் பம்ப், ரெயில் சென்சார், 200 முதல் 350 பார் எல்லாம் உண்டு. போர்ட் இன்ஜெக்‌ஷனில் 3, 4 பார்தான். ஆனால் அளவைத் தீர்மானிப்பது வந்த காற்றுதான், கடைசியில் சரிபார்ப்பது லாம்டாதான். 1996-இல் மிட்சுபிஷியின் ஜிடிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல்) எஞ்சின் வந்தபோது குறைந்த லோடில் டீசல் மாதிரியே காற்றை மிஞ்சவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். மைலேஜ் கிடைத்தது, ஆனால் மிஞ்சிய ஆக்சிஜனில் மூன்று வழி கேட்டலிஸ்ட்டால் நைட்ரஜன் ஆக்சைடைக் கையாள முடியவில்லை, தனியாக ஒரு கேட்டலிஸ்ட் வைக்க வேண்டியிருந்தது. இன்று வருபவற்றில் பெரும்பாலானவை 14.7-லேயே ஓடுகின்றன.

ரெயில் பிரஷர்

உயர் அழுத்தப் பம்ப் படுத்துவிட்டாலும் சில ஜிடிஐ வண்டிகள் டேங்க் பம்பின் 5 பாரை வைத்தே மெதுவாக ஊர்ந்து வந்துவிடும், இன்ஜெக்டரை அதிக நேரம் திறந்து வைத்துச் சமாளிக்கும். டீசலில் அந்தச் சலுகை கிடையாது; 5 பாரில் ஊசி தன் இடத்தை விட்டு எழும்பவே எழும்பாது, டோ பண்ணித்தான் எடுத்துப் போக வேண்டும்.